முகக்கம்பி இல்லாத காலத்து குவாட்டர்பேக்குகள்: எதைத் தாங்கினார்கள், எப்படித் தாங்கினார்கள்?

#1 மண்மைதானம்

ஒய். ஏ. டிட்டிலின் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்க்காத அமெரிக்கக் கால்பந்து ரசிகர் குறைவு. 1964 செப்டம்பர் 20, பிட்ஸ்பர்க் நகரின் பிட் ஸ்டேடியம். நியூயார்க் ஜயண்ட்ஸின் 37 வயது குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து அணியை நடத்துபவர், தரையில் மண்டியிட்டிருக்கிறார். தலையில் ஹெல்மெட் இல்லை. வழுக்கை மண்டையிலிருந்து ரத்தம் வழிகிறது. கைகள் தொடைமேல் சும்மா கிடக்கின்றன.

நடந்தது இது. ஜயண்ட்ஸ் 14–0 என்று முன்னால் இருந்தது. டிட்டில் ஒரு ஸ்கிரீன் பாஸுக்குப் பின்வாங்கினார். எதிரணி முன்வரிசையை வேண்டுமென்றே உள்ளே ஓடிவர விட்டு, அவர்கள் தலைக்கு மேலாகப் பந்தைப் போடுவதுதான் ஸ்கிரீன். முன்கூட்டியே எறிந்தால் சூழ்ச்சி வெளியே தெரிந்துவிடும். ஆகவே எறிபவர் ஆள் மேலே விழும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். எதிரணியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் டிஃபென்சிவ் எண்ட் (தற்காப்பு முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) ஜான் பேக்கர், ஏறக்குறைய 122 கிலோ எடை, அந்தக் கணத்தில் மோதினார். பந்து ஸ்டீலர்ஸின் சக் ஹின்டன் கையில் விழுந்தது. அவர் 8 யார்டு ஓடி, கடைசிக் கோட்டைத் தாண்டி, டச் டவுன் போட்டார். ஆட்டம் 27–24 என்று ஸ்டீலர்ஸுக்குப் போனது. படம் எடுத்தவர் பிட்ஸ்பர்க் போஸ்ட்-கெசட்டின் மோரிஸ் பெர்மன். ஆட்டக் காட்சிதான் வேண்டும் என்று சொல்லி முதலில் அந்தப் பத்திரிகையே அதைப் போடவில்லை.

டிட்டில் 1962ல் 33 டச் டவுன் பாஸ், 1963ல் 36. இரண்டுமே 14 ஆட்ட சீசன்கள். இந்த அடி விழுந்த 1964ல் 10 டச் டவுனும் 22 இன்டர்செப்ஷனும் (எதிரணி பறித்த பாஸ்கள்). அந்தச் சீசனோடு நிறுத்திக்கொண்டார்.

எல்லோரும் அடி விழுந்த பிறகு எழுந்ததைப் புகழ்கிறார்கள். நான் மதிப்பது அதற்கு அரை நொடி முந்தையதை. ஆள் வருவது ஓரக்கண்ணில் தெரிகிறது, அப்படியிருந்தும் கண் பந்து வாங்குபவரை விட்டு நகரவில்லை. விதி, சாமான், உடல் மூன்றையும் அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் அப்படி நிற்பதற்கு என்ன விலை என்று விவரமாக எழுதுங்கள்.

#2 காப்பகம்58

விதிப்புத்தகத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் விலையை அதுதான் தீர்மானித்தது.

பந்தை எறிந்து முடித்தவரை மோதினால் 15 யார்டு தண்டனை என்பது 1938ல்தான் வந்தது. பந்து எறிவதில் பெயர்பெற்ற சாமி பா வாஷிங்டன் அணிக்கு வந்தது 1937ல். அதாவது முதல் சீசனை அந்தப் பாதுகாப்பு இல்லாமலே ஆடினார். அவர் எறிந்தது மட்டுமல்ல. பந்தை உதைத்ததும் அவரே, பின்வரிசையில் தற்காத்ததும் அவரே. 1943ல் பாஸிங், பன்டிங் (பந்தை உதைப்பது), இன்டர்செப்ஷன் மூன்றிலும் என்.எஃப்.எல். என்னும் தொழில்முறை லீக்கில் முதலிடம். அந்த ஆண்டு நவம்பர் 14 அன்று டெட்ராய்ட்டுக்கு எதிராக 4 டச் டவுன் பாஸ் எறிந்தார், எதிரணியின் 4 பாஸைப் பறித்தார். எறிந்துவிட்டு ஓரத்தில் போய் உட்கார முடியாத காலம் அது.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். 1955க்கு முன் ஒருவர் கீழே விழுந்தால் மட்டும் ஆட்டம் நின்றுவிடாது. முன்னேற்றம் முழுசாக நிறுத்தப்பட வேண்டும். அதுவரை அவர் எழுந்து ஓடலாம், தவழலாம். எனவே எதிரணிக்காரர்கள் விழுந்தவர்மேல் ஒருவர்பின் ஒருவராக விழுந்து அமுக்குவார்கள். வன்மத்தால் செய்தவர்களும் உண்டு. ஆனால் அமுக்காவிட்டால் அவர் எழுந்து ஓடிவிடுவார் என்பதே அடிப்படைக் காரணம். எதிரி பிடியில் இருக்கும்போது கையும் பாதமும் தவிர வேறு எந்த உறுப்பு தரையில் பட்டாலும் ஆட்டம் முடிந்தது என்று 1955ல் மாற்றினார்கள்.

ஹெல்மெட்டின் முன்னால் முகத்தைக் காக்கும் முகக்கம்பியைப் பிடித்து இழுப்பதற்கு 1956ல் தடை வந்தது, ஆனால் பந்து வைத்திருப்பவரின் கம்பியை இழுக்கலாம் என்ற விலக்கோடு! பந்து யார் கையில் அதிக நேரம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1962ல்தான் எல்லோருக்கும் பொதுவான தடையானது. தலையில் அறைந்து தடுப்பாளரை நிலைகுலைய வைக்கும் ஹெட் ஸ்லாப், டிஃபென்சிவ் எண்ட் டீக்கன் ஜோன்ஸின் ஆயுதம், 1977 வரை செல்லும். குவாட்டர்பேக் தெளிவாகப் பிடியில் சிக்கிவிட்டால் நடுவர் உடனே விசில் ஊத வேண்டும் என்பது 1979.

#3 பத்மா_ஓஹையோ

கம்பி பற்றிப் பேசும்போது கிளீவ்லாந்து குவாட்டர்பேக் ஆட்டோ கிரஹாமை விட்டுவிடக் கூடாது. 1953 நவம்பர் 15, கிளீவ்லாந்து பிரவுன்ஸ், சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ். கோட்டுக்கு வெளியே போய்விட்ட கிரஹாமின் வாயில் 49அர்ஸின் ஆர்ட் மிக்கலிக்கின் முன்கை விழுந்தது. 15 தையல். இடைவேளைக்குள் தைத்து முடித்து, ஹெல்மெட்டின் குறுக்கே ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பட்டையைப் பொருத்தி, இரண்டாம் பாதியில் மறுபடி இறக்கினார்கள். பிரவுன்ஸ் 23–21 வென்றது.

அந்தத் தெளிவான பிளாஸ்டிக் நீடிக்கவில்லை. கெட்டியாக இருக்கும், ஆனால் வளையாது. பலத்த மோதலில் நொறுங்கும், உடைந்த விளிம்பு கத்திபோல நிற்கும். பயிற்சியாளர் பால் பிரவுன் ரிடெல் நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்ததுதான் ஒற்றைக் கம்பி. வளைந்து கொடுக்கும் குழாய், இரண்டு பக்கமும் ஓட்டில் திருகிப் பொருத்தியது. வாயையும் தாடையையும் காக்கும். மூக்கையும் கண்ணையும் காக்காது. மேலே இருக்கிற இடைவெளி வழியாக முழங்கை தாராளமாக உள்ளே வரும்.

அதையும் வேண்டாம் என்றவர் பாபி லேன். 1948ல் தொடங்கி 1962ல் முடித்தார், கடைசிவரை முகம் திறந்தேதான். தோள்பட்டைக் கவசத்தைத் தவிர மற்ற பேடுகளையும் பெரும்பாலும் கழித்துக்கட்டினார். எடை குறையும், கை இலகுவாகச் சுழலும் என்பது கணக்கு. டெட்ராய்ட் லயன்ஸுக்கு 1952லும் 1953லும் பட்டம் கொண்டுவந்தவர். 1957 டிசம்பரில் கணுக்கால் முறிய, அந்த ஆண்டுப் பட்டத்தை அணியின் இன்னொரு குவாட்டர்பேக் டோபின் ரோட் முடித்துக் கொடுத்தார்.

ஒற்றைக் கம்பியை விரும்பிப் போட்டவர்கள் 80கள் வரை இருந்தார்கள். வாஷிங்டன் குவாட்டர்பேக் ஜோ தைஸ்மனின் படங்களைப் பாருங்கள். கீழே பந்தையும் மேலே பாதையையும் தடையில்லாமல் பார்க்க முடியும் என்பதே அதன் கவர்ச்சி.

#4 நாலாவதுடவுன்

அண்ணன்மார், அக்கா, எல்லாம் மரியாதையோட படிச்சேன். ஆனா ஒரு விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்ல. அன்னைக்கு 122 கிலோ ஆள்னா ராட்சசன். இன்னைக்கு உள்வரிசைல 140 கிலோ ஆளுங்க ஓடி வராங்க, அதுவும் வேகமா. மோதலோட ஆற்றல் எடைக்கு நேர்விகிதம், வேகத்தோட வர்க்கத்துக்கும் நேர்விகிதம். அப்போ ஒரு அடியை மட்டும் எடுத்துப் பார்த்தா இன்னைக்கு விழுற அடிதானே பெருசு?

வாஷிங்டன் குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்தை எடுத்துக்கங்க. 2018 நவம்பர் 18, வலது கால் எலும்பு தோலைக் கிழிச்சு வெளிய வந்துச்சு. கிருமித் தொற்று, 17 அறுவை சிகிச்சை. காலை எடுக்கணுமாங்கிற நிலைமை. 2020 அக்டோபர்ல திரும்பி வந்து ஆடினார். சரியா 33 வருஷம் முன்னால, 1985 நவம்பர் 18, ஜயண்ட்ஸோட லாரன்ஸ் டெய்லர் மேல விழுந்து தைஸ்மன் கால் முறிஞ்ச அதே தேதி, அதே வாஷிங்டன் அணி. ரெண்டு ஆட்டத்தோட ஸ்கோரும் 23–21. தைஸ்மன் அதுக்கப்புறம் ஆடல. உறுதிங்கிறது பழைய தலைமுறைக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததில்ல.

#5 காப்பகம்58

தம்பி சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதியை முழு மனதோடு ஏற்கிறேன். ஒற்றை மோதலின் பலத்தில் இன்றைய ஆட்டம் குறைந்ததல்ல. ஸ்மித் திரும்பி வந்ததற்கு இணையாக பழைய காலத்திலிருந்து ஒன்றைச் சொல்லச் சொன்னால் குவாட்டர்பேக் பில்லி கில்மரைச் சொல்வேன். 1962 டிசம்பரில் கார் விபத்து, கால் போகும் அபாயம், 1963 முழுக்க ஆடவில்லை. பிறகு வந்து பத்தாண்டு கழித்து வாஷிங்டனை ஏழாவது சூப்பர் பௌலுக்கு, அதாவது ஆண்டின் இறுதிப் பட்ட ஆட்டத்துக்கு, கூட்டிப்போனார்.

வித்தியாசம் அடிக்கும் அடிக்கும் இடையே உள்ள கணக்கில் இருக்கிறது. 1978க்கு முன் தடுப்பு வீரர் தன் கைகளை நீட்டித் தள்ளக் கூடாது. முஷ்டியை மூடி, முழங்கையை மடக்கி, மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டுதான் தடுக்க வேண்டும். எதிரே வருபவருக்கோ கையை எப்படியும் வீசலாம், தலையில் அறையலாம். நீட்டிய கைக்கும் மடக்கிய கைக்கும் இடையே அரை மீட்டருக்கும் மேல் வித்தியாசம். தள்ளுகிறவன் எட்டும் தூரத்தில், தடுக்கிறவன் எட்டாத தூரத்தில்.

பந்து வாங்குபவர் பக்கம் பாருங்கள். இன்று 5 யார்டுக்கு அப்பால் அவரை இடித்தால் நடுவரின் தண்டனைக் கொடி விழும். 1974க்கு முன் பாதை முழுக்க இடிக்கலாம், தள்ளலாம், விழத் தட்டலாம். ஆகவே அவர் காலியிடத்துக்கு வந்துசேர நேரமாகும். அந்த நேரம் முழுவதும் குவாட்டர்பேக் பந்தோடு நிற்க வேண்டும். பாதுகாப்புச் சுவர் சீக்கிரம் இடிகிறது, காத்திருக்க வேண்டிய நேரமோ நீள்கிறது. இந்த இரண்டும் ஒன்றுசேர்ந்த இடத்தில் நின்றவர்கள் அவர்கள்.

இதைத் தனியாக ஒருவர் மேல் பார்க்க வேண்டுமானால் நியூ ஆர்லியன்ஸின் ஆர்ச்சி மேனிங். 1971ல் வந்தார். 1975ல் மட்டும் 49 முறை சாக் (எறியும் முன்பே வீழ்த்தப்படுவது). அடுத்த சீசன் முழுவதும் எறியும் கையில் அறுவை சிகிச்சையால் போயிற்று. தொடக்க ஆட்டக்காரராக வாழ்நாள் கணக்கு 35 வெற்றி, 101 தோல்வி, 3 சமன். பட்டத்துக்காக அடி வாங்கியவர்களைப் புகழ்வது எளிது. பட்டமே வராத அணியில் ஞாயிறு தவறாமல் அதே இடத்தில் போய் நின்றவரை நான் இன்னும் மேலே வைப்பேன்.

#6 எலும்பும்தசையும்

உடல் பக்கத்தை எழுதுகிறேன்.

வலக்கையால் எறிபவர் பின்வாங்குவதைக் காட்சியாக ஓட்டிப் பாருங்கள். ஏழு அடிப் பின்வாங்கல் என்றால் ஏழாவது அடியில் வலது பாதத்தை ஊன்றி நிற்பார், ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து ஏறத்தாழ 8, 9 யார்டு பின்னால். பந்து காதருகே போகும். இடது கால் முன்னால் நீளும், எடை அதன்மேல் இறங்கும், இடுப்பு சுழலும், அதன் பின்னாலேயே தோள், கடைசியில் கை. அந்தச் சுழற்சியின் நடுவே இரண்டு கைகளும் விலாவை விட்டு அகன்றிருக்கும். விலா முழுவதும் திறந்த வெளி. முன்னங்கால் தரையில் ஊன்றி, முழங்கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும். அந்தக் கணத்தில் மேலே அடித்தால் விலா, கீழே அடித்தால் முழங்கால். பாதம் தரையில் பிடித்திருப்பதால் அடியின் விசை முழுவதும் மூட்டிலேயே செலவாகும். 2006 ஜனவரியில் கார்சன் பாமர், 2008 செப்டம்பரில் டாம் பிரேடி, இரு குவாட்டர்பேக்குகளுக்கும் போனது இடது முழங்கால். முதலாவதுக்குப் பிறகு கீழ்நோக்கிய மோதலுக்கு விதி வந்தது, இரண்டாவதுக்குப் பிறகு அது இறுக்கப்பட்டது. பழைய ஆட்டக்காரர்களுக்கு இரண்டும் கிடையாது.

விலா எலும்புக்கு மாவுக்கட்டு போட முடியாது. மூச்சு விடும்போதெல்லாம் அசையும். குவாட்டர்பேக் வேலையில் இன்னொரு சிக்கல், ஸ்னாப் எண்ணிக்கையை, அதாவது பந்து கைக்கு வர வேண்டிய நேரத்தைக் குறிக்கும் எண்களை, கத்திச் சொல்ல வேண்டும். கத்த ஆழமாக மூச்சு இழுக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்ட நகர்வுக்கும் முன்னால், யாரும் தொடுவதற்கு முன்பே, ஒரு முறை வலி. விலாநரம்பில் மரப்பு ஊசி போட்டு ஆடவைப்பதும் உண்டு. ஊசி சற்று ஆழமாகப் போனால் நுரையீரல் உறையைத் துளைக்கும் ஆபத்து அதில் இருக்கிறது. வலி மரத்துப்போனால் உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் அனிச்சையும் குறையும். முறிந்த எலும்பு இடம் நகர்ந்தாலும் தெரியாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பால்டிமோர் கோல்ட்ஸ் குவாட்டர்பேக் ஜானி யுனைட்டஸின் 1958ஐப் பாருங்கள். நவம்பர் 2, கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிராக மூன்று விலா முறிந்து நுரையீரலில் துளை. எலும்பு உறுதியாக ஒட்ட ஆறு வாரம் என்பது பொதுக் கணக்கு. அவர் இரண்டே ஆட்டம் விட்டு, நவம்பர் 23 அன்று, அதாவது 21ஆம் நாள், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிராக இறங்கினார். அலுமினியமும் நுரை ரப்பரும் வைத்துச் செய்த விலாக் கவசம் ஒன்றை அணிந்திருந்தார். அப்படிப்பட்ட கெட்டிக் கவசம் அடியைப் பரப்பும், ஆனால் உறிஞ்சாது. உடல் சுழலும்போது விளிம்பு உரசும்.

இருபது ஆண்டு கழித்துதான் நல்ல மாற்று வந்தது. 1978ல் ஹியூஸ்டன் ஆயிலர்ஸின் டான் பாஸ்டரினி விலா முறிந்து மருத்துவமனையில் படுத்திருந்தபோது பைரன் டான்ஸிஸ் என்பவர் அறைக்குள் வந்தார், தான் அணிந்திருந்த உடுப்பின்மேல் உடன் வந்தவரை பேஸ்பால் மட்டையால் ஓங்கி அடிக்கச் சொன்னார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்று அடைத்த அறைகள் கொண்ட உடுப்பு அது; ஓரிடத்தில் விழும் அடி காற்றழுத்தமாகப் பரந்து போகும். பாஸ்டரினி அதை அணிந்து திரும்பினார். இன்று பள்ளி அணிகள் வரைக்கும் விலாக் கவசம் சாதாரணம்.

#7 மண்மைதானம்

டாக்டர் சொன்ன நவம்பர் 23 ஆட்டத்தின் தொடக்கத்தை நான் சேர்க்கிறேன். யுனைட்டஸ் வந்து எறிந்த முதல் பாஸ் அணித்தோழர் லென்னி மூருக்கு, 58 யார்டு, டச் டவுன். விலா எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு சின்ன பாஸ் கூட இல்லை. நீள எறிதலுக்கு முழுச் சுழற்சி வேண்டும். ஐந்து வாரம் கழித்து, டிசம்பர் 28, யாங்கி ஸ்டேடியத்தில் ஜயண்ட்ஸுக்கு எதிரான இறுதி ஆட்டம்: எறிந்த 40 பாஸில் 26 சேர்ந்தன, 349 யார்டு, கூடுதல் நேரத்தில் 80 யார்டு தூரத்தை 13 நகர்வுகளில் கடந்து 23–17 என வெற்றி.

1960 நவம்பர் 13ம் உண்டு. சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட், பேர்ஸ் அணி, எதிரே டக் அட்கின்ஸ், ஆறடி எட்டு அங்குலம். யுனைட்டஸின் முகமெல்லாம் ரத்தம். கடைசி 17 நொடியில் மூருக்கு 39 யார்டு பாஸ், கோல்ட்ஸுக்கு 24–20 வெற்றி.

#8 நாலாவதுடவுன்

காப்பகம் அண்ணா, கை நீட்டற விதி எனக்குத் தெரியாது. அதை வெச்சுப் பழைய ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தா தடுப்பாளருங்க ஏன் அப்படி விகாரமா குனிஞ்சு நிக்கிறாங்கன்னு இப்பதான் புரியுது. என் வாதத்துல பாதியைத் திரும்ப எடுத்துக்கிறேன்.

டாக்டர், நியூயார்க் ஜெட்ஸ் குவாட்டர்பேக் ஜோ நேமத் முழங்காலைப் பத்திச் சொல்லுங்க. நடக்கவே சிரமப்பட்டவர் 1967ல 14 ஆட்டத்துல 4,007 யார்டு எப்படி எறிஞ்சார்?

#9 எலும்பும்தசையும்

1964 அக்டோபரில், அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது, யாரும் தொடாமலே வலது முழங்கால் மடங்கியது. 1965 ஜனவரியில், 4,27,000 டாலர் ஒப்பந்தம் போட்ட மாதத்திலேயே, நியூயார்க் லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையில் டாக்டர் ஜேம்ஸ் நிக்கலஸ் அறுவை செய்தார். அன்று துளைவழிச் சிகிச்சை அமெரிக்காவில் பரவவில்லை. மூட்டைத் திறந்து, கிழிந்த மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்புத் தட்டை எடுத்துவிடுவதுதான் வழக்கம். இன்று முடிந்தவரை தைத்துக் காப்பாற்றப் பார்ப்போம், காரணம் அந்தத் தட்டுதான் எடையைப் பரப்புகிறது. அது போனால் உடனே வலி குறையும், மூட்டு பூட்டிக்கொள்ளாது, ஆடலாம். ஆனால் எடை முழுவதும் ஒரு சிறு பரப்பில் இறங்கி, மேற்பூச்சுக் குருத்தெலும்பு ஆண்டுக்காண்டு தேயும். தளர்ந்த தசைநார்களும் சேர்ந்தால் மூட்டு முறுக்கத்தில் நழுவும். அந்த முறுக்கத்தைத் தடுக்கவே இருபுறமும் கீலும் இழுபட்டைகளும் வைத்த பிரேஸ் ஒன்று அவருக்காக உருவானது. லெனாக்ஸ் ஹில் பிரேஸ் என்ற பெயரில் பிறகு ஆயிரக்கணக்கான நோயாளிகள் அணிந்தார்கள்.

கவனியுங்கள்: வலது கால்தான் பின்வாங்கலின் கடைசி ஊன்றல். ஒவ்வொரு பாஸுக்கும் ஓட்டத்தை நிறுத்தும் பிரேக் அந்தக் கெட்ட முழங்கால்தான். நேமத் இதற்குக் கண்டுபிடித்த வழி வேகம். ஓட முடியாத குறையை, மற்றவர்களைவிட விரைவாகவும் ஆழமாகவும் பின்னால் போய், பந்தைக் காதருகிலிருந்து சட்டென்று விடுவிப்பதில் ஈடுகட்டினார். 1992ல் இரண்டு முழங்காலும் செயற்கை மூட்டாக மாற்றப்பட்டன. அப்போது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

#10 பத்மா_ஓஹையோ

இதுவரை எலும்பு, மூட்டு, தோல் பற்றியே பேசினோம். தலை பற்றிப் பேசாமல் இந்த இழை முழுமையாகாது. வியப்போடு சேர்த்து வருத்தமும் எனக்கு இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

அன்றைய ஹெல்மெட்டுக்குள் இருந்தது பட்டைத் தொங்கல். ஓட்டுக்கும் மண்டைக்கும் இடையே விரல்கடை இடைவெளி விட்டு, துணிப் பட்டைகள் தலையைத் தாங்கும். மிதமான அடிக்குப் போதும். பலத்த அடியில் பட்டை முழுதும் இழுபட்டு, மண்டை ஓட்டில் போய் இடிக்கும். எந்த ஹெல்மெட்டும், இன்றையதும், மண்டையோடு பிளப்பதைத்தான் நன்றாகத் தடுக்கிறது; உள்ளே மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்க முடியாது.

அதன் மேல் சிகிச்சை என்று இருந்தது அம்மோனியா குப்பி. மூக்கில் காட்டினால் திடுக்கிட்டு மூச்சிழுப்பார், கண் திறப்பார். மூளைக்கு அது எதுவும் செய்வதில்லை. மூளை அதிர்ச்சியின் அறிகுறி தெரிந்தால் அன்றே திரும்ப இறக்கக் கூடாது என்று லீக் உறுதியாகச் சொன்னது 2009 டிசம்பரில்.

பத்தாவது சூப்பர் பௌல், 1976 ஜனவரி 18. ஸ்டீலர்ஸ் குவாட்டர்பேக் டெர்ரி பிராட்ஷா லின் ஸ்வானுக்கு 64 யார்டு எறிகிறார். பந்து கையை விட்ட கணத்தில் டாலஸ் கௌபாய்ஸின் லாரி கோல் மோதுகிறார். ஸ்டீலர்ஸ் 21–17 வென்ற அந்த டச் டவுனை எறிந்தவர் பார்க்கவில்லை. உடை மாற்றும் அறையில்தான் தெரிந்துகொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் கிளீவ்லாந்தின் ஜோ ஜோன்ஸ் அவரைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் குத்தினார். டாலஸ் குவாட்டர்பேக் ரோஜர் ஸ்டாபக் 1979 சீசனோடு நிறுத்தியதற்கு அடுத்தடுத்த மூளை அதிர்ச்சிகள் ஒரு காரணம். குவாட்டர்பேக் கென் ஸ்டேப்ளர் 2015ல் 69 வயதில் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சி.டி.இ. (தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு) மூன்றாம் நிலை என்றார்கள். இன்னொரு குவாட்டர்பேக் ஏர்ல் மோரலுக்கு நான்காம் நிலை.

அவர்களுக்கு இந்த விலை தெரியாது. தெரிந்து தாங்கியதையும் தெரியாமல் இழந்ததையும் ஒரே சொல்லால் புகழ எனக்கு மனம் வரவில்லை.

#11 மண்மைதானம்

பத்மா அக்கா, நீங்கள் சொன்னதற்கு மறுப்பு இல்லை. நான் தலைப்பில் உறுதி என்று போடாமல் “எதைத் தாங்கினார்கள்” என்று போட்டதே இந்தத் தயக்கத்தால்தான். முறிந்த விலாவோடு ஆடுவது அவர் எடுத்த முடிவு. மயங்கியவரை எழுப்பி அனுப்பியது அவர் முடிவல்ல.

தலை பற்றிய ஒரு தொழில்முறைக் கோணத்தையும் சேர்க்கிறேன். அன்று ஹெல்மெட்டுக்குள் ரேடியோ இல்லை. லீக் அதை அனுமதித்தது 1994ல். பால் பிரவுன் போல ஆள் அனுப்பிச் சொன்ன சிலரைத் தவிர, பெரும்பாலான அணிகளில் நகர்வைத் தேர்வு செய்தவர் குவாட்டர்பேக்கே. யுனைட்டஸ், லேன், ஸ்டார் எல்லோரும் அப்படித்தான். அடி வாங்கி எழுந்தவர் ஹட்டிலுக்கு (அணி கூடிப் பேசும் வட்டம்) நடந்து வருவதற்குள் டவுன் (எத்தனையாவது முயற்சி), தூரம், எந்தத் தடுப்பாளர் களைத்துவிட்டார், எதிரணி எதை எதிர்பார்க்கிறது என்பதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டும்.

கிரீன் பே பேக்கர்ஸ் குவாட்டர்பேக் பார்ட் ஸ்டார், 1967 டிசம்பர் 31, கிரீன் பே. வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 25 செல்சியஸ். தரையடிச் சூடேற்றி செயலிழந்து புல் பனிப்பாறையாகிவிட்டது. உலோக விசில் நடுவரின் உதட்டில் ஒட்டிக்கொண்டது. டாலஸ் கௌபாய்ஸ் அன்று ஸ்டாரை 8 முறை வீழ்த்தியது, இழப்பு 76 யார்டு. கடைசியில் 16 நொடி, டச் டவுனுக்கு ஒரு யார்டுக்கும் குறைவு, டைம் அவுட் மிச்சமில்லை. ஓட்டக்காரர்கள் அந்தப் பனியில் கால் ஊன்ற முடியாமல் சறுக்குவதைக் கவனித்துவிட்டு, பந்தை யாரிடமும் கொடுக்காமல், தன் அணித் தடுப்பாளர் ஜெர்ரி கிரேமருக்குப் பின்னால் தானே நுழைந்தார். 21–17. எட்டு முறை அந்தப் பாறைத் தரையில் விழுந்த தலை அந்தக் கணக்கைப் போட்டது.

#12 நாலாவதுடவுன்

இதெல்லாம் எங்க பார்க்கலாம்? ஹைலைட்ஸ்ல பந்து போற இடத்தைத்தான் காட்டறான். எறிஞ்சவரைப் பார்க்கணும்னா எந்த ஆட்டம், எதைக் கவனிக்கணும்?

#13 காப்பகம்58

தம்பி, 1950களின் ஆட்டங்கள் பெரும்பாலும் துண்டுச் சுருள்களாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. மூன்றாவது சூப்பர் பௌலில் தொடங்கு: 1969 ஜனவரி 12, மயாமி, ஜெட்ஸ் 16, பால்டிமோர் கோல்ட்ஸ் 7. அதன் தொலைக்காட்சிப் பதிவு கிடைக்கிறது. வேகத்தைப் பாதியாக்கிக்கொள். ஸ்னாப் ஆனதும் பந்தை விட்டுவிட்டு மூன்று இடங்களைப் பார்.

முதலில் தடுப்பாளர்களின் முழங்கைகள். மார்போடு ஒட்டியிருக்கும், எதிராளியின் கை அவர்கள் தலையிலும் தோளிலும் விளையாடும். சுவர் எந்தப் பக்கம் முதலில் சாய்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது, நேமத்தின் வலது பாதம். ஊன்றிய பிறகு எத்தனை சின்ன அடி எடுக்கிறார் என்று எண்ணு. கூடுதல் அடி எடுத்தால் வாங்குபவர் இன்னும் வந்துசேரவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, ஹெல்மெட்டின் முன்பக்கம். வருகிறவனை நோக்கித் திரும்பினால் அந்தப் பாஸ் கெட்டது. பயந்த குவாட்டர்பேக்கின் முகவாய் கீழே இறங்கும், தோள் சுருங்கும், பந்து வாங்குபவருக்கு முன்னால் தரையில் விழும். நேமத்துக்கு எதிரே நின்றவர்களில் ஒருவர் ஆறடி ஏழு அங்குல பப்பா ஸ்மித். மண்மைதானம் முதல் பதிவில் சொன்ன அரை நொடியை 28 முறை பார்க்கலாம். 17 பாஸ் போய்ச் சேர்ந்தன, 206 யார்டு. கடைசிக் கால்பகுதியில் அவர் எறியவே இல்லை. மேட் ஸ்நெல்லின் 121 யார்டு ஓட்டமும் சேர்ந்து முன்னிலையைக் காத்தது.

மறுபக்கத்தையும் விடாதே. கோல்ட்ஸுக்குத் தொடங்கியவர் அக்கா குறிப்பிட்ட ஏர்ல் மோரல். மூன்று இன்டர்செப்ஷனுக்குப் பிறகு அவரை எடுத்துவிட்டு யுனைட்டஸை இறக்கினார்கள். அந்த சீசனுக்கு முன்பே யுனைட்டஸின் வலது முழங்கை கெட்டுப்போயிருந்தது, ஆண்டு முழுக்க அவர் அதிகம் ஆடவில்லை. பின்னாளில் அந்தக் கையின் விரல்கள் மடங்காமல் போய், கோல்ஃப் மட்டையை வெல்க்ரோ பட்டையால் கட்டிக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. அன்று எறிந்த பாஸ்கள் 24, சேர்ந்தது 11, 110 யார்டு. நீள பாஸ்களில் பந்து தளர்ந்து போவது தெரியும். சுழற்சியில் தோள் வருகிறது, முழங்கை பின்தங்குகிறது. அதனால் குட்டைப் பாஸ்களாகத் தேர்ந்தெடுத்து அணியை நகர்த்துகிறார். கோல்ட்ஸின் ஒரே டச் டவுன், 3 நிமிடம் 19 நொடி மீதமிருக்கும்போது, அவர் இறங்கிய பிறகு வந்ததுதான். அந்த நகர்வுத் தொடரை மட்டும் தனியாக இரண்டு முறை ஓட்டிப் பார்: முதல் முறை முழங்கையை, இரண்டாம் முறை ஹெல்மெட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை.